பேசாலைக்கு மீன் விற்கப் போனவள்

பாதுகாப்பாக வண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். கண்மண் தெரியாமல் பறக்கிறவன் தன் எலும்பை மட்டும்தான் முறித்துக்கொள்வான். விதிப்படி, நிதானமாக, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து ஓட்டுகிற ஒருத்தி நினைத்தால் ஒரு தீவின் பிற்பகலையே தலைகீழாக்கிவிடலாம். நான் மன்னாரில் அதைச் செய்தேன்.

("தீவு முழுக்கவா?" என்று என் கணவர் சேவியர் இந்த இடத்தில் கேட்பார். முழுக்க இல்லை. மன்னார் டவுனிலிருந்து பேசாலை வரைக்கும்தான்.)

ஜெசிந்தா என் பள்ளித்தோழி. போர்க்காலத்தில் பெற்றோருடன் படகேறி வந்து, மதுரையில் என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு சொந்த ஊரான பேசாலைக்கே திரும்பிப் போய்விட்டாள். அவள் மகள் மெரீனாவின் கல்யாணத்தின்போது தொலைபேசியில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்: பிறக்கிற முதல் பிள்ளைக்கு நான்தான் ஞானத்தாய். பையன் பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி என்று கோயிலில் நாள் குறித்தார்கள். உடனே ஜெசிந்தா அழைத்தாள்.

"அமலி, நீ கட்டாயம் வரோணும். வராட்டில் மருமகன்ர மாமி ரோசலின் நிக்கிறதெண்டு இருக்கிறா. அவ இப்பவே சீலை எடுத்திட்டா."

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றது. வாழ்க்கையில் எனக்குப் பிள்ளை இல்லை. என் பெயர் சொல்லி வளரப்போகிற ஒரே பிள்ளை இதுதான். அதை, சீலை எடுத்துவிட்டார் என்பதற்காக, முன்பின் தெரியாத ஒரு ரோசலினுக்கு விட்டுக்கொடுப்பதாவது!

ஞானஸ்நானத்தன்று பிள்ளைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை நானே தைத்தேன். பட்டுப்புடவை ஒன்று எடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். "அங்கே நான் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டப் போறேன்" என்று சேவியரிடம் சொன்னேன்.

"வெளிநாட்டுல போயி வண்டி ஓட்டுற வேலையெல்லாம் வேணாம் அமலி. பஸ்ஸு இருக்கு, ஆட்டோ இருக்கு."

அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை பஸ்ஸிலேயே போயிருப்பேன். சொல்லிவிட்டார். அதன்பிறகு நான் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினேன். கொழும்பில் இறங்கியதும் அதற்கு உள்ளூர் அங்கீகாரம் வாங்கினேன். ஊர்சுற்றும் பெண்கள் வெளிநாட்டில் வாடகை வண்டியை எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்ற வீடியோக்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பார்த்தேன். ஜெசிந்தாவின் வீடு உறவுக்காரர்களால் நிரம்பி வழிந்ததால் மன்னார் டவுனில், உப்புக்குளத்தில், ஓர் அறை எடுத்துத் தங்கினேன். ஆட்டோ அனுப்புகிறேன் என்றாள். "தேவையில்ல, நானே வருவேன்" என்றேன். அந்த 'நானே'வை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஞாயிறு மதியம் நளீம் நானாவின் முற்றத்தில் போய் நின்றேன். ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுப்பவர். புது வண்டிகள் இரண்டையும் காலையிலேயே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எடுத்துப் போய்விட்டார்களாம்.

"இது மச்சான்ர வண்டி, தங்கச்சி. ஆள் கத்தாருக்குப் போயிட்டார். எஞ்சின் குதிரை மாதிரி. நல்லாக் கழுவியும் விட்டிட்டன்."

நான் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். டயரை அமுக்கிப் பார்த்தேன். விளக்குகள், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட்டின் வார், எல்லாம். பிறகு வண்டியில் இருந்த ஒவ்வொரு கீறலையும் போனில் படம் எடுத்தேன். (திருப்பித் தரும்போது தகராறு வரக்கூடாது. வீடியோவில் சொன்னார்கள்.) குனிந்தும் முழங்காலிட்டும் நான் எடுத்த கோணங்களைப் பார்த்த நளீம் நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வண்டிக்கு இண்டைக்குக் கலியாணமோ, தங்கச்சி?"

எல்லாவற்றையும் கேட்டேன். எந்த மாதம் எண்ணெய் மாற்றியது என்றுகூடக் கேட்டேன். மச்சான் கத்தாருக்குப் போகுமுன் இங்கே என்ன வேலை செய்தார் என்று மட்டும் கேட்கவில்லை.

கடைசியாக ஹாரன். அழுத்தினேன். "பாம்… பபாம்!" என்று ஒரு லாரியின் கம்பீரத்தோடு அது முழங்கியது. மதிலின் மேலிருந்து பூனைகள் தொப்தொப்பென்று குதித்து வந்து என் காலை உரசிக்கொண்டு நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விலங்குகளுக்கு என்னைத் தெரிந்துவிடுகிறது என்று ஏற்கெனவே ஓர் எண்ணம் எனக்கு உண்டு. அதை இரண்டு மூன்று இடங்களில் எழுதியும் இருக்கிறேன்.

தளர்ந்த துணி சக்கரத்தில் மாட்டும் என்பதால் சுடிதாரும் மூடிய காலணியும் போட்டிருந்தேன், துப்பட்டா இல்லை. பட்டுப்புடவையையும் பிள்ளையின் வெள்ளைச் சட்டையையும் துணிப்பையில் வைத்து, சீட்டைத் தூக்கி, அதன் கீழே உள்ள பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன். ஜெசிந்தா வீட்டில் உடைமாற்றிக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. மன்னாரில் கருவாட்டு மணம் காற்றிலேயே இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்களை மூடி ஆழமாக இழுத்து, 'இந்தத் தீவு உப்பாலேயே மூச்சு விடுகிறது' என்று மனதுக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டேன். இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பியாயிற்று.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மதுரையில் ஹாரன் என்பது கோபம் அல்ல. அது 'வருகிறேன்', 'இருக்கிறேன்', 'போய்விட்டேன்' எல்லாம் சேர்ந்த ஒரு சொல். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த அண்ணன், "திருப்பம் வந்தா அடி, ஆளு வந்தா அடி, ஒண்ணும் வரலைன்னாலும் நடுவுல ஒருவாட்டி அடி" என்றுதான் கற்றுக்கொடுத்தான். பிறந்த ஊரிலேயே இத்தனை கவனம் என்றால் அந்நிய நாட்டில் எத்தனை வேண்டும்? ஒவ்வொரு சந்து முனையிலும், ஒவ்வொரு வேலி ஓரத்திலும், மனசாட்சியோடு அடித்தேன். பாம்… பபாம்!

சோளகக் காற்று அடிக்கிற காலம். தெற்கிலிருந்து கடலைத் தாண்டி வருகிற அந்தக் காற்று பனங்கூடல்களை உலுக்கிவிட்டு நேரே என் விலாவில் வந்து மோதியது. வண்டி வடக்கே சாய, நான் தெற்கே சாய, இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து ஊர்ந்தோம். சைக்கிள்கள் என்னை முந்திப் போயின. தூரத்தில் காற்றாலைகள் கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தன. ஹெல்மெட்டுக்குள் காற்று ஓயாமல் பேசியது. எனக்குள் வரிகள் பொங்கின.

அப்போதுதான் மக்கள் வெளியே வரத் தொடங்கினார்கள்.

முதலில் ஒரு படலையைத் திறந்துகொண்டு ஓர் அம்மா ஓடிவந்தார். கையில் சட்டி. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அடுத்த சந்தில் இரண்டு பெண்கள், ஒருவர் கையில் தட்டு. அவர்களும் ஆட்டினார்கள். அதற்கடுத்த வளைவில் வேலிக்கு மேலே ஒரு தலை, ஒரு கை, ஒரு சட்டி. என் கண் கலங்கிவிட்டது. எத்தனை துயரம் கண்ட மண்! ஆனாலும் வழியில் போகும் ஒரு விருந்தாளிக்காகச் சமையலைப் பாதியில் விட்டு ஓடிவந்து வாழ்த்துகிறார்களே! இடக்கையைத் தூக்க முடிந்தபோதெல்லாம் தூக்கினேன். (ஒற்றைக் கையால் ஓட்டக்கூடாது. அதனால் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகுதான் தூக்கினேன்.) "வணக்கம்! வணக்கம்!" என்று கூவினேன். தேர்தலில் நிற்கிற வேட்பாளர்கூட அப்படிப் போயிருக்க மாட்டார்.

கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் ஒரு சைக்கிளும் ஒரு மோட்டார் சைக்கிளும் வந்துகொண்டிருந்தன. மோட்டார் சைக்கிள் முந்தி வந்து குறுக்கே நின்றது. சாரம் கட்டிய ஒருவர் இறங்கினார்.

"நிப்பாட்டுங்கோ அக்கா! எத்தினை பேர் கூப்பிடுறம், கையைக் காட்டிக் காட்டிப் போறியள். என்ன பகிடியோ?"

"வாழ்த்துறீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"வாழ்த்தோ? நாங்கள் மீனுக்கு நிக்கிறம்!"

"எந்த மீனுக்கு?"

"அதைத்தானே உங்களிட்டக் கேக்கிறம்!"

அதற்குள் முதல் சட்டி வந்து சேர்ந்துவிட்டது. மூச்சு வாங்க அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோது என் காலடியில் சாலை கொஞ்சம் இறங்கியது. நளீம் நானாவின் மச்சான் வேறு யாருமில்லை, இந்தப் பக்கத்து மீன்காரர். இதே வண்டியின் பின்னால் பெட்டி கட்டி, அதில் கொள்ளாததை ஐஸோடு சீட்டுக்கடியில் அடைத்து, இதே ஹாரனை அடித்துக்கொண்டு தினமும் வருவாராம். "ரெண்டு கிழமையா ஆளைக் காணேல்லை. இண்டைக்கு ஹோர்ன் கேட்டுது எண்டு உலையையும் விட்டிட்டு ஓடியாறன். மீன் இல்லையெண்டால் எதுக்குப் பிள்ளை வாசல் வாசலா அடிக்கிறாய்?"

"பாதுகாப்புக்கு…" என்றேன்.

"ஆரின்ர பாதுகாப்புக்கு?"

"சீற்றைத் திறவுங்கோ, சும்மா ஒருக்காப் பாப்பம்" என்றார் சாரக்காரர். அவருக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. திறந்தேன். மீன் இல்லை. துணிப்பை இருந்தது. அதன் அடியில், பெட்டியின் மூலையில், வெயிலில் உருகி எத்தனையோ நாளாக ஊறிக் கிடந்த பழைய ஐஸ் தண்ணீர் இருந்தது. என் வெள்ளைச் சட்டையின் கீழ்விளிம்பு அதைக் குடித்து மங்கலான மஞ்சளாகியிருந்தது.

சட்டியம்மா சட்டையைத் தூக்கி மூக்கருகே வைத்தார்.

"சூடை மீன்" என்றார்.

சாரக்காரர் வாங்கி முகர்ந்தார். "சூடை இல்லை. கும்பிளா."

சைக்கிள்காரர் புடவையை முகர்ந்துவிட்டு, "ரெண்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் அந்த இடத்திலேயே அழுதேன். யாருக்கு, எங்கே, எத்தனை மணிக்கு என்று விக்கிவிக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்னை அடிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் என் வீட்டார் ஆகிவிட்டார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவர ஓடினார். ஒருவர் சாம்பிராணிப் புகை பிடிக்கலாம் என்றார். துவைக்கலாம் என்றார் சைக்கிள்காரர். "எப்ப காயிறது? நாலு மணிக்குக் கோயில்!" என்று அவரை எல்லாரும் சேர்ந்து ஏசினார்கள். எலுமிச்சையும் தேய்த்து, புகையும் பிடித்து, கடைசியில் சட்டியம்மா அலுமாரியிலிருந்து ஓர் ஓடிக்கொலோன் போத்தலைக் கொண்டுவந்து பாதியைக் கவிழ்த்தார். மறுபடி முகர்ந்தோம். வாசனை பூசிக் கல்யாணத்துக்குக் கிளம்பிய சூடை மீன் மாதிரி இருந்தது.

"ஹோர்னை மட்டும் அடியாதை, பிள்ளை" என்று சட்டியம்மா சொல்லி அனுப்பினார். "இனி நிண்டால் உனக்கு நேரமில்லை."

ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டுவது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவது போல. ஆனாலும் ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டைவிரல் தானாகப் போகும். பல்லைக் கடித்து இழுத்துக்கொள்வேன். அதற்குள் போன் அடித்தது. ஓட்டிக்கொண்டே போன் எடுக்கக்கூடாது. இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி எடுப்பதற்குள் அது அடங்கிவிட்டது. மறுபடி எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினால் மறுபடி அடித்தது. அடுத்த தடவை கழற்றிக்கொண்டு காத்திருந்தேன். ஜெசிந்தாதான்.

"அடியே, எங்க நிக்கிறாய்? பங்குச் சுவாமி உடுப்பு மாத்திட்டார். அவருக்கு இதுக்குப் பிறகு வேற ஊரில பூசை இருக்கு, நிண்டு பாக்கமாட்டார். ரோசலின் மாமி முன்வரிசை வாங்கில வந்து இருந்திட்டா. அவவும் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வச்சிருக்கிறா, தெரியுமோ?"

தெரியாது. தெரிந்ததும் இரத்தம் காதுக்கு ஏறியது. உடைமாற்றுவது, வீட்டுக்குப் போவது எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கைவிட்டேன். நேரே கோயில்.

பேசாலை கிட்ட வந்தபோது சாலையை அடைத்துக்கொண்டு கழுதைகள். மன்னாரில் கழுதைகளுக்குச் சாலை என்பது படுக்கையறை மாதிரி. இறங்கி நின்று, "ஓரம் போங்க! தயவுசெஞ்சு ஓரம் போங்க!" என்றேன். மதுரைத் தமிழ் அவற்றுக்குப் புரியவில்லை. ஒன்று என்னைப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மணியைப் பார்த்தேன். ரோசலின் மாமியின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கண்முன் வந்தது.

கட்டைவிரலை அழுத்தினேன். எடுக்கவேயில்லை.

பாம்… பபாம்! பாம்… பபாம்!

கழுதைகள் அசையவில்லை. ஆனால் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் சட்டிகளோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். என்னை வந்து சேர்வதற்காக அவர்கள் கழுதைகளை விரட்டினார்கள். அந்த இடைவெளியில் வண்டியைச் செருகினேன். "மீன் இல்லைங்க! மன்னிச்சிருங்க! ஞானஸ்நானம்!" என்று கத்திக்கொண்டே போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக இண்டிகேட்டர் போடாமல் ஒரு வளைவில் திரும்பினேன்.

கோயில் வாசலில் கூட்டம் நின்றது. சடங்கு வாசலில்தான் தொடங்கும். வெள்ளை உடுப்பில் சுவாமி, மெரீனாவின் கையில் வீறிட்டு அலறுகிற பிள்ளை, பக்கத்தில் ஜெசிந்தா. அரக்குச் சீலையில், பிள்ளையை வாங்கக் கை நீட்டியபடி ஓர் உயரமான பெண்மணி. ரோசலின் மாமி என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. சுவாமி சத்தமாகக் கேட்டது பிறகுதான் எனக்குத் தெரியும்: "ஞானத்தாய் ஆர்?"

அந்த நொடியில் நான் கோயில் முனையில் திரும்பினேன். முனை வந்தால் அடிக்க வேண்டும். கட்டைவிரலுக்கு வேறு எதுவும் தெரியாது.

பாம்… பபாம்!

வாசல் அப்படியே உறைந்தது. எதிரே நிழலில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் ஒருசேர நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆரடா இது? பேசாலைக்கே மீன் விக்க வந்திருக்கிறது!"

சிரிப்பு வெடித்தது. கடற்கரை வரை போய்த் திரும்பி வந்திருக்கும். தீவுக்கே மீன் கொடுக்கிற ஊர் அது. அங்கே மீன்காரனின் ஹாரனை அடித்த முதல் மனித உயிர் நான்தான். அத்தனை கண்களுக்கும் நடுவில் நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டேன், கழுத்தைப் பூட்டினேன், சாவியை எடுத்தேன், ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினேன். அவசரத்தில்தான் வண்டிகள் சாயும்.

"இவ இறங்கி வாறதுக்குள்ள பிள்ளை எட்டு வயசாகிப் புதுநன்மையும் எடுத்திடும்" என்றார் ரோசலின் மாமி.

வியர்வையில் ஒட்டிய சுடிதாரோடு, மஞ்சள் விளிம்புச் சட்டையைக் கையில் ஏந்தி நான் படியேறினேன். வாடை எனக்கு முன்னால் ஏறியது. முன்வரிசை பின்வாங்கியது. ரோசலின் மாமி சீலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"இதையோ பிள்ளைக்குப் போடப்போறியள்? என்னட்டப் புதுச்சட்டை இருக்கு. நானே நிக்கிறன், சுவாமிக்கும் நேரம் போகுது."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. விட்டுக்கொடுத்துவிட்டு ஓடிப்போயிருக்கலாம். கால்கள் அதைத்தான் கேட்டன.

"இல்லைங்க. நான்தான் ஞானத்தாய்" என்றேன். "சட்டை நாறுது. நானும் நாறுறேன். ஆனா நான்தான்."

பிள்ளை அலறிக்கொண்டேயிருந்தான். மெரீனா என் கையிலிருந்து சட்டையை வாங்கி அவன் மேல் போர்த்தினாள். அவன் அலறலை நிறுத்தினான். விளிம்பைப் பிடித்து வாய்க்குள் திணித்துக்கொண்டான். கண்கள் சொருக ஆரம்பித்தன.

கூட்டத்தின் பின்னாலிருந்து அவன் தகப்பன் ஜூட் முன்னே வந்தான். கடல்தொழில் செய்பவன். புதுச் சேர்ட்டுக்குள் அசௌகரியமாக நின்றுகொண்டிருந்தவன், சட்டையை ஒருமுறை முகர்ந்துவிட்டுச் சிரித்தான்.

"நான் கரைக்கு வந்து தூக்கினால்தான் இவன் இப்பிடி அடங்குறவன். இண்டைக்கு நான் சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டன். அதுதான் காலமை துடக்கம் கத்தினவன்."

ரோசலின் மாமி மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தார். பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி. அவனுக்குப் பிடிச்சிருக்கு. எனக்குத்தான் பிடிக்கேல்லை. நீயே நில்."

"ஆண்டவர் முதல் முதல் கூப்பிட்ட ஆக்களும் மீன்பிடிகாரர்தானே, இந்த மணத்தோடதான் வந்திருப்பினம்" என்றார் சுவாமி. "தொடங்குவம்."

அன்று நான் பிள்ளையை ஏந்தி நின்றபோது கோயில் படியில் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன என்று ஜெசிந்தா சத்தியம் செய்கிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மதுரையில் வாசல் கேட்டைத் திறக்க நான் ஹாரன் அடித்தால் சேவியர் சட்டியோடுதான் வருகிறார். பேசாலையில், தெரிந்தவர்களுக்கே யாராவது பாடம் எடுக்கத் தொடங்கினால், "மதுரை அக்கா மாதிரி ஹோர்ன் அடியாதை" என்கிறார்களாம். பையன் வளர்ந்து பேசத் தொடங்கிவிட்டான். வீடியோ அழைப்பில் என் முகத்தைக் காட்டி, "ஆரடா இது?" என்று ஜெசிந்தா கேட்பாள். அவன் என் பெயரைச் சொல்வதில்லை. இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, கட்டைவிரலை அழுத்தி, "பாம்… பபாம்!" என்பான். உடனே குசினியிலிருந்து ரோசலின் மாமி ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து திரையில் முகத்தை வைத்து, "என்ன மீன் பிள்ளை இண்டைக்கு?" என்று கேட்பார்.

"சூடை இருக்கு மாமி, இப்பதான் பிடிச்சது" என்கிறேன் நான், தவறாமல், ஒவ்வொரு தடவையும்.